வேலியில் பொட்டு இல்லை

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் சொந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் பனிக்காலம். அதற்கு முன் ஏழு வருடம் பேஸ்மென்டில் இருந்தோம். நாய் வேண்டுமென்ற மகளின் ஆசைக்கு அங்கே இடமில்லை. வீடு வந்ததும் காப்பகத்துக்குப் போய் ஹஸ்கி கலந்த இரண்டு வயதுப் பெட்டை நாய் ஒன்றைக் கூட்டிவந்தோம். மகள் வைத்த பெயர் வெள்ளைச்சி. பின்வளவைச் சுற்றி ஆறடிப் பலகை வேலி. அந்த வேலிக்காகவே மனைவிக்கு வீடு பிடித்துப்போயிருந்தது.

பெப்ரவரி நடுவில் ஒரு காலை கதவு மணி அடித்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வெள்ளைச்சியின் கழுத்துப்பட்டியைப் பிடித்தபடி நிற்கிறார். ரோட்டு முனையில் நின்றதாம். ஓடிப்போய்ப் பார்த்தால் படலை பூட்டியபடி இருக்கிறது. வேலியில் ஒரு பலகைகூட அசையவில்லை.

ஊரில் என்றால் வேலியோரம் ஒரு நடை நடந்தால் பொட்டு, அதாவது நாய் நுழையும் ஓட்டை, எங்கேயென்று தெரிந்துவிடும். ஓலையை இழுத்துக் கட்டினால் வேலை முடிந்தது. இங்கே மூன்று முறை சுற்றிவந்தும் ஒன்றும் அகப்படவில்லை. மீற்றர் பார்க்க வந்தவர் கொளுக்கியைச் சரியாகப் போடாமல் போயிருப்பார், பிறகு காற்றில் படலை தானாகச் சாத்தியிருக்கும் என்று நினைத்து, கம்பியால் முறுக்கிக் கட்டினேன். மூன்றாம் நாள் திரும்பவும் காணோம். நிலத்தைத் தோண்டிப் போக வழியே இல்லை. அலவாங்கு போட்டாலும் இறங்காத அளவுக்கு உறைந்து கிடந்தது.

அன்று குளிர் மைனஸ் 15. மனைவி நகரசபையின் 311 எண்ணுக்கு அழைத்து நகரின் விலங்குச் சேவைக்குச் சொல்லிவைத்தா. நகரசபை அனுமதித் தகடு கழுத்தில் இருந்தது, மைக்ரோசிப்பும் போட்டிருந்தோம். இருந்தும் பனி தள்ளும் வண்டிகள் ஓடுகிற நேரம் அது. முக்கால் மணி நேரம் தேடி, அதே முனையில்தான் கண்டுபிடித்தோம். ரோட்டில் போடும் உப்பு எரித்ததில் பாதங்களை மாறி மாறித் தூக்கியபடி நின்றது. விரலிடுக்குகளில் மணிமணியாகப் பனி உருண்டைகள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கரைத்து எடுக்கும்வரை மனைவியின் மடியிலிருந்து அசையவில்லை.

அன்றிரவு புதுப்பனி கொட்டியது. காலையில் வெள்ளைச்சியை வெளியே விட்டுவிட்டுக் குசினி ஜன்னலோரம் நின்றேன். அது மணம் பிடித்துத் திரியவில்லை. நேரே வடக்கு மூலைக்குப் போனது. மூன்றே எட்டில் பனிக்குவியலின் உச்சி, முன்னங்கால் இரண்டும் வேலி விளிம்பில், அவ்வளவுதான். வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்த இடத்தில் ஒரு பள்ளம், அதிலிருந்து ரோட்டைப் பார்த்து நேர்கோடாகக் கால்தடங்கள்.

ஜனவரி முழுவதும் டெக்கில் விழுந்த பனியைச் சவளால் அள்ளி நான் கொட்டிவந்த மூலை அது. காற்றும் தன் பங்குக்குச் சேர்த்திருந்தது. நடுவில் இரண்டு நாள் வெயிலடித்து மேற்பனி உருகி, இரவில் மறுபடி உறைந்து ஓடு போல இறுகிவிட்டது. நான் ஏறினால் உடைந்து முழங்கால்வரை புதைகிறது. வெள்ளைச்சியின் எடையைத் தாங்குகிறது. உச்சியிலிருந்து வேலி விளிம்புக்கு இரண்டரை அடிகூட இல்லை. கோடையில் பார்த்து வாங்கிய ஆறடி வேலி, பனிக்காலத்தில் ஆறடி வேலி அல்ல. வேலியோரம் நாலடி அகலத்துக்கு வெட்டி அகற்ற இரண்டு நாள் எடுத்தது.

ஏப்ரலில் பனி எல்லாம் கரைந்த பிறகு வெள்ளைச்சி மறுபடியும் போய்விட்டது. இந்த முறை படலையின் அடிப்பலகைச் சிராயில் வெள்ளை மயிர்க் கற்றை ஒன்று தொங்கியது. நாலு விரல் இருந்த இடைவெளி ஒரு சாணாகியிருந்தது. கீழே ஈரமண்ணில் நகக்கீறல்கள். பெரியவர்தான் விளங்கப்படுத்தினார். மண்ணிலுள்ள ஈரம் உறையும்போது பருத்துத் தூணை மேலே தள்ளுமாம். இந்தப் பக்கத்தில் அந்த உறைவு நாலடிவரை இறங்கும் என்பதால் தூண் அதற்குக் கீழே ஊன்ற வேண்டுமாம். எங்கள் படலைத் தூண் இரண்டடிதான் இறங்கியிருந்தது.

தோண்ட வெளிக்கிட்ட என்னை அவரே மறித்தார். நிலத்தடிக் குழாய், கம்பிகளை அடையாளம் போட ஏற்பாடு செய்யும் ஒன்ராறியோ ஒன் கோல் சேவைக்கு முதலில் அறிவிக்க வேண்டும், அது சட்டம், காசும் இல்லை. அறிவித்த பிறகு ஆட்கள் வந்து காஸ் குழாய்க்கு மஞ்சளும் மின்கம்பிக்குச் சிவப்பும் நிலத்தில் அடையாளம் போட்டார்கள். நான் மண்வெட்டியைச் சாத்தி வைத்திருந்த இடத்துக்கு நேர் கீழே மஞ்சள் கோடு ஓடியது. நெஞ்சு திக்கென்றது. நல்ல வேளையாகத் தூண் அதிலிருந்து தள்ளியே இருந்தது.

குழியில் தூணை நிறுத்தும்போது, பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்ற மகள் கேட்டாள், “அப்பா, அது ஏன் எப்பவும் நான் பஸ் ஏறுற இடத்துக்கே போகுது?”

நான் போகிற வழியையே தேடிக்கொண்டிருந்தேன். போகிற இடத்தைப் பற்றி யோசிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பாடசாலை நாள், ஒவ்வொரு முறையும் அவள் வீட்டைவிட்டுப் போன பிறகு.

இப்போது காலையில் மூன்று பேருமாகத்தான் முனைக்கு நடக்கிறோம். மகள் ஏறி ஜன்னலில் கையசைப்பாள். பஸ் திரும்பி மறையும்வரை வெள்ளைச்சி காதை நிமிர்த்தியபடி நிற்கும். பிறகு என்னை இழுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பும்.