ரைசன் 7 5800எக்ஸ் கர்வ் ஆப்டிமைசர்: ஏழு கோர் படிந்தது, கோர் 2 முரண்டு பிடிக்கிறது

ஏ.எம்.டி.யின் எட்டுக் கோர் சிப்பான ரைசன் 7 5800எக்ஸில் ஒவ்வொரு கோரின் வோல்டேஜையும் தனித்தனியாகக் குறைக்க உதவும் பயாஸ் வசதிதான் கர்வ் ஆப்டிமைசர்; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக வோல்டேஜ் இறங்கும். ஏழு கோர்கள் மைனஸ் 18-க்கும் மைனஸ் 28-க்கும் இடையே ஆடாமல் நிற்கின்றன. கோர் 2 மட்டும் மைனஸ் 8-லேயே பிழை காட்டுகிறது. ஆனாலும் இதுவரை கிடைத்த பலன் நிறைவாகவே இருக்கிறது. சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனை மென்பொருள் ஓடும்போது 88 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த சிப் இப்போது 75-ஐ ஒட்டி நிற்கிறது. எல்லாக் கோர்களும் சேர்ந்து ஓடும் வேகமும் 4.45-லிருந்து 4.55 கிகாஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டது.

சூடு குறைந்தும் வேகம் கூடுவதில் மர்மம் எதுவும் இல்லை. சிப் தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடு கூடும், கடிகார வேகத்தோடு நேராகத்தான் கூடும். கர்வ் ஆப்டிமைசரில் ஒரு புள்ளி என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். மைனஸ் 20 போட்டு 1.30 வோல்ட்டில் 80 மில்லிவோல்ட் குறைந்தால், அதே வேகத்துக்கு ஏறத்தாழ 12 சதவீத மின்சாரம் மிச்சம். அந்த இடைவெளியை, சிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் பூஸ்ட் அல்காரிதம் தானாகவே வேகமாக மாற்றிக்கொள்ளும். பி.பி.டி. (மொத்த மின்சார வரம்பு) 142 வாட்டிலிருந்து 115, டி.டி.சி. (நீடித்த கரண்ட் வரம்பு) 95-லிருந்து 80, ஈ.டி.சி. (கண நேர உச்சக் கரண்ட் வரம்பு) 140-லிருந்து 120 ஆம்பியர் என்று இறக்கியிருக்கிறேன். உச்ச வேக வரம்பை உயர்த்தும் மேக்ஸ் பூஸ்ட் ஓவர்ரைடைத் தொடவில்லை. அதில் 200 மெகாஹெர்ட்ஸ் கூட்டினால் உச்ச வேகம் 4850-லிருந்து 5050-க்குப் போய்விடும்; இப்போது தாங்கும் மைனஸ் எண்கள் அங்கே தாங்காது, எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.

இந்த வேலையில் உயிரை எடுப்பது சோதனைதான். சினிபெஞ்ச் அரை மணி நேரம் ஓடியதை வைத்து “ஸ்டேபிள்” என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். எட்டுக் கோரும் ஒன்றாக ஓடும்போது எதுவுமே 4.6-ஐத் தாண்டாது. ஆபத்து இருப்பது 4.85-ல், அதாவது ஒரே ஒரு கோர் லேசான வேலையோடு துள்ளிக் குதிக்கும் கணத்தில். பிரவுசரில் பக்கம் புரட்டும்போதும், எதுவும் செய்யாமல் வைத்திருக்கும்போதும் கம்ப்யூட்டர் திடீரென ரீஸ்டார்ட் ஆவது இதனால்தான்.

அதைப் பிடிக்கக் கோர்சைக்ளர் என்ற கருவி போல் இன்னொன்று இல்லை. கனமான கணக்குகளால் சிப்பைச் சோதிக்கும் பிரைம்95-ஐ ஒவ்வொரு கோரிலும் தனித்தனியாக, ஒரே திரெட்டில் ஓட்டும். கான்ஃபிக் கோப்பில் பயன்முறையை எஸ்.எஸ்.ஈ. (லேசான கணக்குக் கட்டளைகள்) என்றே வையுங்கள். ஏ.வி.எக்ஸ்2 (கனமான கட்டளைகள்) கடுமையான சோதனை என்று பலர் அதற்குத் தாவுகிறார்கள். அது அதிகக் கரண்ட் இழுத்து வேகத்தைக் கீழே இறக்கிவிடும். நமக்கு வேண்டிய உச்ச வேகம் சோதனைக்கே வராது. எஃப்.எஃப்.டி. அளவு, அதாவது பிரைம்95 போடும் கணக்கின் அளவு, ஹ்யூஜ். ஒரு கோருக்கு 6 நிமிடம் என்பது மோசமான எண்களைக் கழிக்க மட்டும் போதும். கடைசி உறுதிக்குக் கோருக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். சோதனையை இடையிடையே நிறுத்தித் தொடரும் சஸ்பெண்ட் வசதியை அணைக்காதீர்கள். சுமை ஏறி இறங்கும் அந்த நொடிகளில்தான் பலவீனமான கோர் மாட்டும்.

கோர் 2 விழும்போது பெரும்பாலும் பிரைம்95-ன் ரவுண்டிங் பிழைதான் வரும்: 0.5 வந்தது, 0.4-க்குள் இருக்க வேண்டும் என்று. சில சமயம் நேராக ரீஸ்டார்ட். அப்போது விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் வீயா லாகர் 18 என்ற வன்பொருள் பிழைப் பதிவைத் திறந்து, திரெட்டைக் குறிக்கும் ஏ.பி.ஐ.சி. எண்ணைப் பாருங்கள். எஸ்.எம்.டி. (ஒரு கோரில் இரண்டு திரெட்) இயங்கும் எட்டுக் கோர் சிப்பில் அதை இரண்டால் வகுத்தால் கோர் எண் கிடைத்துவிடும். 4-ம் 5-ம் வந்தால் கோர் 2. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும் என்பதை மறக்காதீர்கள், சில மென்பொருள்கள் 1-லிருந்து எண்ணும். வீயா 19 வந்தால் கோரைக் குறை சொல்ல வேண்டாம், பெரும்பாலும் அது சிப்பின் உள் பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் வேகத்தின் கோளாறு. இந்தக் குழப்பமே வராமலிருக்க, சோதனை முடியும்வரை ரேமின் வேகத்தை ஏற்றும் எக்ஸ்.எம்.பி.யை அணைத்து வைப்பது நல்லது.

கோர் 2 ஏன் அடம்பிடிக்கிறது? சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ மென்பொருளின் கோர் தர வரிசையில் அதுதான் முதலிடம். நல்ல கோருக்குத் தொழிற்சாலையிலேயே குறைந்த வோல்டேஜ் எழுதியிருப்பார்கள், ஒற்றைக் கோர் வேலையெல்லாம் அதன் தலையில்தான் விழும். மேலும் குறைக்க அங்கே இடமே இல்லை. எல்லாக் கோருக்கும் ஒரே மைனஸ் 30 போடுவதை நான் அறவே ஏற்காதது இதற்காகத்தான்.

பிழை வராததாலேயே எண் சரி என்றும் ஆகாது. வோல்டேஜ் போதாதபோது சிப் கடிகாரத்தை இழுத்துச் சமாளிக்கும். கோர் கிளாக் 4850 என்று காட்டும், உண்மையில் ஓடும் வேகமான எஃபெக்டிவ் கிளாக் 4700-க்குக் கீழே கிடக்கும். ஹெச்.டபிள்யூ.இன்ஃபோவில் எல்லாக் கோரையும் ஒரே கணத்தில் அளக்கும் ஸ்னாப்ஷாட் போலிங்கை இயக்கிவிட்டு, ஒற்றைக் கோர் முழுச் சுமையில் இரண்டையும் ஒப்பிடுங்கள். என்னிடம் கோர் 6 மைனஸ் 30-ல் பிழையே காட்டவில்லை, ஆனால் எஃபெக்டிவ் கிளாக் சரிந்தது. மைனஸ் 26-க்கு ஏற்றியதும் வித்தியாசம் 20 மெகாஹெர்ட்ஸுக்குள் வந்துவிட்டது.

கூலர் பற்றி ஒரு வார்த்தை. எட்டுக் கோரும் சுமார் 81 சதுர மில்லிமீட்டர் சில்லில் நெருங்கிக் கிடக்கின்றன, அதுவும் மூடியின் நடுவில் இல்லை. அதனால் தெர்மல் பேஸ்டை நடுவில் ஒரு பொட்டு வைப்பதைவிட முழுக்கப் பரப்புவதே மேல். சென்னை ரிச்சி தெருவில் பேஸ்ட் வாங்கினால் சீல் பிரிக்காத டியூபாகப் பார்த்து வாங்குங்கள். எனக்கு ஒரு கடையில் கிடைத்தது எண்ணெய் தனியாகப் பிரிந்த பழைய சரக்கு.

அடுத்து ஏ.எம்.டி.யின் 65 வாட் சிப் வகைக்கான எண்கள்: பி.பி.டி. 88, டி.டி.சி. 60, ஈ.டி.சி. 90. இதே கர்வை வைத்துக்கொண்டு அதில் எவ்வளவு வேகம் மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு 3600 ரேமோடு எஸ்.ஓ.சி. (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதி) வோல்டேஜை 1.10-லிருந்து 1.00-க்கு இறக்கும் முயற்சி. சும்மா இருக்கும்போது இழுக்கும் வாட் அங்கேதான் குறையும். அதற்கு முன் கோர் 2. இன்றிரவு மைனஸ் 6-ல் முழு இரவு ஓடும். அதிலும் விழுந்தால் மைனஸ் 3, இல்லையேல் பூஜ்யம்.