டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதாத குறை

அப்பாவுக்கு மூளையின் வலப்பக்கத்தில் ஸ்ட்ரோக். கை கால் பிசியோதெரபியில் தேறிவிட்டன, பேச்சும் தெளிவு. ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதிக் குன்னூருக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. அம்மா அழுதாலும் சரி, நான் எரிந்து விழுந்தாலும் சரி, அவரிடம் ஒரு சலனமும் இல்லை. ‘மனுஷன் கல்லாயிட்டார்’ என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள்.

எங்கள் முகத்தில் தெரியும் கோபமும் சோகமும் அவருக்குப் பிடிபடவில்லையோ என்று பரிசோதிக்க ஒரு சீட்டு வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. கோவையில் கவுன்ட்டரில் இருந்தவர் சம்மரியைப் புரட்டிவிட்டு, “நல்லாத்தானே பேசறார், எதுக்குங்க சைக்காலஜிஸ்ட்?” என்றார். நியூரோ டாக்டரின் கடிதம் இல்லாமல் டோக்கன் கிடையாது. டாக்டரோ அன்று லீவு. பர்லியார் வளைவுகளில் அப்பா வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கியதெல்லாம் வீண். கடிதத்தோடு மறுபடி போனால் எம்.ஆர்.ஐ. சி.டி.யைக் கேட்டார்கள். அது அவர்களுடைய ரெக்கார்டு ரூமிலேயே இருந்தது, அறை சாப்பாட்டு நேரத்துக்குப் பூட்டியிருந்தது. திரும்பும்போது கோவை டாக்ஸி பிடித்தோம், கல்லாறு சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். டிஎன் 43 (நீலகிரிப் பதிவெண்) இல்லாத வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். உள்ளே இருப்பது உள்ளூர்க்காரர் என்பது கணக்கில் வராது. வாடகை வண்டி பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

பரிசோதனை செய்த சைக்காலஜிஸ்ட் அம்மாவைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முகப் படங்களைக் காட்டி என்ன உணர்ச்சி என்று கேட்பார்; மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், வியப்பு, அருவருப்பு என்று ஆறு உணர்ச்சிகள். படங்கள்தான் இடித்தன. அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் குழு 1976இல் வெளியிட்ட கறுப்பு வெள்ளை அமெரிக்க முகங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் காலம் தள்ளிய அப்பா ஒன்றைப் பார்த்துவிட்டு, “இந்த துரைக்கு என்ன?” என்று திருப்பிக் கேட்டார். சிரிப்பைக் கண்டுபிடித்தார், கோபமும் சோகமும் சுத்தமாகப் பிடிபடவில்லை.

துரை முகம் என்பதால் தவறியதோ என்று கேட்டேன். தம் இனத்து முகங்களில் யாருக்குமே கொஞ்சம் கூடுதலாகப் பிடிபடும் என்று ஒப்புக்கொண்டு, நம்மூர் முகங்களையும் காட்டினார். அப்போதும் அதே கதை. (பெங்களூருவில் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இந்திய முகங்களை வைத்தே ஒரு தேர்வு உருவாக்கியிருக்கிறார்கள். போகிற இடத்தில் அது இருக்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள்.)

அவர் விளக்கியது இதுதான். யார் முகம் என்று அறிவதில் மூளையின் அடிப்பக்கத்து மடிப்பு ஒன்றுக்குப் பெரும்பங்கு. கண், வாய் அசைவில் உணர்ச்சியைப் பிடிப்பது பெரிதும் நெற்றிப்பொட்டுக்கு உட்புறம் இருக்கும் மூளை மடலின் மேல் பள்ளத்தின் வேலை, அதிலும் வலப்பக்கம் முக்கியம். அதனால்தான் அப்பாவுக்கு எங்கள் எல்லோரையும் தெரிகிறது, எங்கள் கோபம் தெரிவதில்லை. அமிக்டலா என்ற, பயத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதி சேதமான ஒரு அமெரிக்கப் பெண்ணுக்குப் பயந்த முகம் பிடிபடாமல் இருந்தது; கண்களைப் பார் என்று சொன்னதும் பிடிபட்டது என்று 2005இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் சொன்னால்தான். அப்பாவின் சேதம் வேறு இடத்தில் என்றாலும், கண்ணைப் பார்க்கச் சொல்லிப் பழக்குவதில் நஷ்டமில்லை என்றார். அதைவிட, அப்பாவுக்கு மொழி கெடாததால், நம் உணர்ச்சியை நாமே வாயால் சொல்லிவிடுவதே மேலாம்.

கிளம்புமுன் ‘முகபாவம் அறிவதில் குறைபாடு’ என்று எழுதி, முத்திரையோடு வாங்கிவிட்டேன். நீங்களும் விடாதீர்கள். வாய்மொழியாகச் சொன்னது அடுத்த கவுன்ட்டரில் செல்லாது.

அம்மா இப்போது, “எனக்குக் கோபம் வந்திருக்கு, டிவியை நிறுத்துங்க” என்று நேராகவே சொல்கிறாள். பாதி நாள் நிறுத்துகிறார்.