ஐரோப்பிய வரலாறு படிக்க ஒரு குடும்பம் போதும்: இளவரசி ஆலிஸை வைத்து நான் படித்த விதம்

எம்.ஏ. வரலாறாக இருந்தாலும் சரி, யூ.பி.எஸ்.சி. விருப்பப் பாடமாக இருந்தாலும் சரி, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா என்றால் நம்மில் பலர் கடைசிக்குத் தள்ளிவிடுவோம். பாடம் கடினம் என்பதால் இல்லை. ஒரே பெயரில் நாலு பேர், எல்லோரும் எல்லோருக்கும் மாமன் மச்சான், பக்கத்துக்குப் பக்கம் புதுப்புது குட்டி அரசுகள். எனக்கு இந்தச் சிக்கல் அவிழ்ந்தது ஒரு குடும்பத்தைப் பிடித்துக்கொண்ட பிறகுதான்: விக்டோரியா மகாராணியின் இரண்டாவது மகள் ஆலிஸ், அவருடைய கணவர், ஏழு பிள்ளைகள்.

விக்டோரியாவிடமிருந்தே தொடங்கலாமே என்று கேட்பீர்கள். ஒன்பது பிள்ளைகள், மரம் வரைந்து முடிப்பதற்குள் தாளும் பொறுமையும் தீர்ந்துவிடும். ஆலிஸ் 1843இல் பிறந்து 1878இல் இறந்துவிட்டார். அந்த 35 வருடத்துக்குள் ஜெர்மன் ஒருங்கிணைப்பு முழுவதும் அடங்கிவிடுகிறது. பிள்ளைகள் வழியாகப் போனால் ரஷ்யப் புரட்சியின் 1917 வரும், பேரன் வழியாகப் போனால் நம் விடுதலையின் 1947 வரும்.

ஒரு ஏ4 தாளை அகலவாக்கில் வைத்து நடுவில் ஆலிஸ் பெயரை எழுதுங்கள். மேல் ஓரத்தில் போர், ஒப்பந்தம், புரட்சி. கீழே ஆட்கள். யாருக்கு எந்த நிகழ்ச்சியோடு தொடர்போ, அங்கே ஒரு கோடு. கோடே விழாத ஆளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அவர் கேள்வித்தாளில் வரமாட்டார். திருமணக் கதையும் அப்படித்தான். தந்தை ஆல்பர்ட் 1861 டிசம்பர் 14 அன்று இறந்தார். நோய்ப்படுக்கையில் அவரைப் பார்த்துக்கொண்டவர் 18 வயது ஆலிஸ். 1862 ஜூலையில், துக்கம் ஆறாத ஆஸ்போர்ன் மாளிகையின் சாப்பாட்டுக் கூடத்தில் ஜெர்மன் குட்டி அரசுகளில் ஒன்றான ஹெஸ்ஸே-டார்ம்ஸ்டாட்டின் இளவரசர் லுட்விக்கோடு கல்யாணம். மனதைத் தொடும் கதைதான், ஆனால் மதிப்பெண் கிடையாது.

மதிப்பெண் 1866இல் இருக்கிறது. ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் மோதியபோது ஹெஸ்ஸே-டார்ம்ஸ்டாட் ஆஸ்திரியா பக்கம் நின்றது. ஆலிஸின் கணவர் அந்தப் படையோடு போனார். எதிர்ப்பக்கம், கோனிக்ரேட்ஸ் போரில் பிரஷ்யாவின் இரண்டாம் படையை நடத்தியவர் இளவரசர் ஃபிரெடரிக், ஆலிஸின் அக்காள் கணவர். மூத்த பெண்கள் இருவரையும் இங்கிலாந்துக்குப் பாட்டியிடம் அனுப்பிவிட்டு, நிறைமாதக் கர்ப்பிணியான ஆலிஸ் டார்ம்ஸ்டாட்டிலேயே இருந்தார். கோனிக்ரேட்ஸ் முடிந்து எட்டாம் நாள் மூன்றாவது மகள் ஐரீன் பிறந்தாள்.

தோற்ற பிறகு நடந்ததைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். ஹானோவர், ஹெஸ்ஸே-காசல், நாசாவ், ஃபிராங்க்ஃபர்ட் நான்கையும் பிரஷ்யா விழுங்கிவிட்டது. ஹெஸ்ஸே-டார்ம்ஸ்டாட் மட்டும் சில பகுதிகளை இழந்து பிழைத்தது. ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டரின் மனைவி மரியா, டார்ம்ஸ்டாட் அரண்மனைப் பெண். அந்த உறவுக்கு இதில் பங்கு உண்டு. மைன் நதிக்கு வடக்கே இருந்த மேல் ஹெஸ்ஸே, பிரஷ்யா தலைமையிலான வட ஜெர்மன் கூட்டமைப்பில் சேர்ந்தது, தெற்குப் பகுதி வெளியே நின்றது. ஒரே அரசு, கூட்டமைப்புக்குள் ஒரு கால், வெளியே ஒரு கால்! மைன் நதிக்கோடு என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக எனக்கு எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. நாலே வருடம் கழித்து, 1870இல், அதே லுட்விக் பிரஷ்யாவோடு சேர்ந்து பிரான்ஸுக்கு எதிராக ஹெஸ்ஸே படைப்பிரிவை நடத்தினார். பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் ஜெர்மனியை ஒன்றாக்கச் செய்த வேலையை விளக்க இந்த ஒரு மனிதரே போதும்.

அப்புறம் பெயர்க் குழப்பம். ஆலிஸ் வேறு, அவருடைய மகள் அலிக்ஸ் வேறு, பேத்தி ஆலிஸ் வேறு. பெயருக்குப் பக்கத்தில் ஊரை எழுதுங்கள், பிரச்சினை தீர்ந்தது. மூத்த மகள் விக்டோரியா, பேட்டன்பர்க் லூயியை மணந்தார். இந்த லூயியின் தம்பி அலெக்சாண்டர்தான் 1879 முதல் 1886 வரை பல்கேரியாவின் இளவரசர். கீழைப் பிரச்சினைக்கு, அதாவது தளர்ந்துவந்த ஒட்டோமான் பேரரசின் நிலங்கள் யாருக்கு என்ற சிக்கலுக்கு, இங்கிருந்து ஒரு கோடு இழுக்கலாம். 1917இல் குடும்பப் பெயர் மவுண்ட்பேட்டன் ஆனது. லூயியின் கடைசி மகன்தான் நம் பாடத்தில் வரும் மவுண்ட்பேட்டன் பிரபு, ஆலிஸின் பேரன்.

இரண்டாவது மகள் எலிசபெத் (வீட்டுப் பெயர் ‘எல்லா’), ரஷ்ய அரச குடும்பத்தின் செர்கேயை மணந்தார். 1905 பிப்ரவரியில் மாஸ்கோவில் வெடிகுண்டில் செர்கேய் இறந்தார். ஊர்வலம் வந்த தொழிலாளர்களை ஜாரின் படை சுட்ட ‘இரத்த ஞாயிறு’ நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ரஷ்யத் தேதிகளில் கவனம் தேவை: அங்கே அப்போது இருந்த பழைய நாட்காட்டி, இன்றைய நாட்காட்டியைவிடப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் 12 நாள், இருபதாம் நூற்றாண்டில் 13 நாள் பின்தங்கியது. எந்த முறையில் எழுதினாலும் விடை முழுக்க ஒரே முறையில் எழுதுங்கள்.

அலிக்ஸ்தான் கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலஸின் மனைவி அலெக்சாண்ட்ரா. இரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோயின் கதை இங்கே வரும். ஆலிஸின் மகன் ஃபிரிட்டிக்கு அந்த நோய் இருந்தது. 1873இல், மூன்று வயது நிறையுமுன், ஜன்னலிலிருந்து விழுந்து அன்றே இறந்தான். ஐரீனின் பிள்ளைகளில் இருவருக்கும், அலிக்ஸின் ஒரே மகன் அலெக்சிக்கும் அதே நோய். தாய் நோயைக் கடத்துபவராக இருந்தால் ஒவ்வொரு மகனுக்கும் அது வர பாதி வாய்ப்பு.

ஆனால் ஒன்று. ரஷ்யப் புரட்சிக்கு அலெக்சியின் நோயையும், அதைக் குணப்படுத்துவதாக அரண்மனையில் செல்வாக்குப் பெற்ற சாமியார் ரஸ்புடினையும் காரணமாக அரைப் பக்கம் எழுதிய விடைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். படிக்கச் சுவைதான், வாங்கும் மதிப்பெண் குறைவு. நிலப் பிரச்சினை, 1905, உலகப் போரின் சுமை, தலைநகர் பெட்ரோகிராடின் ரொட்டிப் பஞ்சம் எல்லாம் எழுதிவிட்டு, அரண்மனையின் மீது மக்களுக்கு நம்பிக்கை போனதற்கு ஒரு வரியாக இதைச் சேர்த்தால் போதும்.

சமூக வரலாற்றுக் கேள்விக்கும் ஆலிஸ் உதவுவார். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர், செவிலியர் பயிற்சிக்காக 1867இல் மகளிர் சங்கம் தொடங்கியவர். 1878 நவம்பரில் அரண்மனையில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) பரவி ‘மே’ என்ற நாலு வயது மகள் இறந்தாள். பிள்ளைகளுக்குப் பணிவிடை செய்த ஆலிஸையும் அது பிடித்தது. தந்தை இறந்த அதே டிசம்பர் 14 அன்று இறந்தார். அந்த நோய்க்கு எதிர்நச்சு மருந்து வந்தது 1890களில்தான்.

இந்தத் தாள் கைக்கு வந்துவிட்டால் அடுத்து டென்மார்க்கின் ஒன்பதாம் கிறிஸ்டியனுக்கு இதேபோல ஒன்று போடுங்கள். 1864 போரில் ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் இரண்டையும் இழந்தவர் அவர். ஒரு மகள் இங்கிலாந்துக்கும் இன்னொரு மகள் ரஷ்யாவுக்கும் அரசிகளாகப் போனார்கள், ஒரு மகன் கிரேக்கத்துக்கு அரசரானார். ஆலிஸ் தாளில் கோடு விழாமல் நின்ற பாதி நிகழ்ச்சிகளுக்கு அங்கே ஆள் கிடைக்கும்.