சொல்லாமல் விட்ட வாக்கியம்

கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், ஃபிரெஸ்னோ நகருக்குத் தெற்கே ஒரு சிற்றூர் மருத்துவ நிலையத்தில் உணவியல் ஆலோசகராக வேலை பார்த்தேன். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்களும் பாதாம் தோப்புகளும். எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்து அந்தத் தோட்டங்களில் கூலிக்கு உழைத்த குடும்பத்தினர்.

ஒரு நாள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் தாயோடு வந்தாள். அவளுடைய பின்கழுத்து கறுத்துத் தடித்திருந்தது. அழுக்கு என்று நினைத்த தாய் தினமும் நாரால் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறார். சில இடங்களில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அது அழுக்கல்ல. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது தோல் அப்படிக் கறுக்கும்.

அன்று மொழிபெயர்ப்பாளர் விடுப்பு. தொலைபேசி வழிச் சேவையும் கிடைக்கவில்லை. மருத்துவர் சிறுமியையே ஸ்பானிய மொழியில் சொல்லச் சொன்னார். அவசர நிலை தவிர, சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016-இலேயே கூட்டரசு விதி வந்துவிட்டது. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. கல்லீரலில் கொழுப்பு, இரத்தத்தில் சர்க்கரை, வயதுக்கு மீறிய எடை என்று மருத்துவர் நான்கைந்து நிமிடம் பேசினார். சிறுமி தாயிடம் திரும்பிச் சொன்னது இரண்டே சொற்கள்: "தோதோ பியென்." எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொருள். தாயின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த அளவு ஸ்பானியம் எனக்கு அப்போது தெரியும்.

உன் உடம்பில் நோய் இருக்கிறது என்பதை உன் வாயாலேயே உன் அம்மாவிடம் சொல் என்று ஒரு குழந்தையிடம் கேட்டிருக்கிறோம். அவள் வேறு என்ன செய்வாள்?

மறுவாரம் மொழிபெயர்ப்பாளரோடு மீண்டும் உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் கேட்டபின் தாய் அழுதார். சர்க்கரைக்காக அல்ல. அத்தனை நாள் கழுத்தைத் தேய்த்துப் புண்ணாக்கியதற்காக. சிறுமிக்கு அன்று எந்த வேலையும் இல்லை. காலை ஆட்டிக்கொண்டிருந்தவள் மெல்ல நகர்ந்து அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

அமெரிக்காவில் 2017 முதல் 2020 வரை எடுத்த கணக்கின்படி, 2 முதல் 19 வயது வரையிலானவர்களில் 19.7 விழுக்காட்டினருக்கு உடல் பருமன். லத்தீன் அமெரிக்க வழிவந்த லத்தீனோ பிள்ளைகளிடையே அது 26.2 விழுக்காடு. இந்த எண்ணைக் கேட்டதும், "அவர்கள் சாப்பாடு அப்படி" என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வரும். மக்காச்சோளம், பயறு, மிளகாய், சப்பாத்திக்கள்ளியின் மடல் என்று அந்த மக்களின் பழைய சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் பல ஊர்களில் வயல் உரத்தின் நைட்ரேட் கிணற்று நீரில் இறங்கியிருக்கிறது. குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்க முடியாத வீட்டில் தண்ணீரையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதே வண்டியில் சோடாவும் ஏறிவிடுகிறது. ஒரு கோலா டின்னில் 39 கிராம் சர்க்கரை. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். புழுதிக் காற்று வேறு. பிள்ளைகள் எங்கே போய் விளையாடுவார்கள்?

குடும்பத்தோடு சேர்த்துச் சிகிச்சை தருவது புதிதல்ல. லெனர்ட் எப்ஸ்டைன் என்ற உளவியலாளர் பிட்ஸ்பர்கில் தொடங்கிய ஆய்வின் பத்தாண்டு முடிவு 1990-இல் வெளிவந்தது. பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்தே பழக்கிய குழுவில் பலன் பத்து ஆண்டுகள் நிலைத்தது. 2023-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் மூன்று முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் குறைந்தது 26 மணி நேரம், குடும்பத்தோடு நேருக்கு நேர், என்று வழிகாட்டியது.

26 மணி நேரம்! குடும்பங்களுக்காக நாங்கள் நடத்திய உணவுப் பழக்க வகுப்பு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. அறுவடைக் காலத்தில் பறித்த அளவுக்குத்தான் கூலி. அந்த நேரத்துக்கு வருகிறவர் அன்றைய கூலியில் ஒரு பகுதியை இழந்துவிட்டு வருகிறார். ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். "ஈடுபாடு இல்லை" என்று கோப்பில் எழுதினோம். அந்தச் சொல்லை நானும் எழுதியிருக்கிறேன், இன்றும் உறுத்துகிறது.

எங்களை மாற்றியவர் ஒரு ப்ரோமோதோரா. அந்த ஊரிலேயே வாழ்ந்து, வீடு வீடாகப் போய் மக்களுக்கும் மருத்துவத்துக்கும் இடையே பாலமாக இருக்கும் நலப் பணியாளர்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அவர் சொன்னபடி வகுப்பை மாலை ஆறரைக்குத் தேவாலயக் கூடத்துக்கு மாற்றினோம். கைக்குழந்தைகளும் வரலாம், எல்லோரும் அங்கேயே சமைத்துச் சாப்பிடலாம். "நீங்கள் அம்மாவை அழைக்கிறீர்கள். அடுப்படி பாட்டியிடம் அல்லவா இருக்கிறது?" என்று கேட்டவரும் அவர்தான்.

சிறுமியின் பாட்டி முதல் மாலை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேத்தியை அவர் "கோர்தீத்தா" என்றே கூப்பிடுவார், குண்டுக்குட்டி என்பதுபோல. கொழுகொழு குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கும் வீட்டிலிருந்து வந்த எனக்கு அந்தக் கொஞ்சலைத் திருத்த மனம் வரவில்லை. எடை என்ற பேச்சையே எடுக்காமல், அவர் தினமும் போடும் ஹமைக்கா பானத்தைச் செய்து காட்டச் சொன்னேன். நம் புளிச்சக்கீரைக்கு உறவான செடியில் காயைச் சுற்றியிருக்கும் சிவந்த இதழ்களை உலர்த்திக் கொதிக்க வைப்பது அது. பாட்டி நிறம் இறங்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு சர்க்கரைப் பையை அப்படியே சாய்த்தார். நிறுத்தியதும் அவர் போட்ட அளவை எல்லோருமாகக் கோப்பையால் அளந்தோம்: இரண்டு லிட்டருக்கு இரண்டு கோப்பை. யாரும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பாட்டி வீட்டிலிருந்தே ஒரு ஜாடி கொண்டுவந்தார். ஒன்றரைக் கோப்பைதானாம். அதற்கடுத்த வாரம் ஒன்று, கூடவே லவங்கப்பட்டை. அரைக் கோப்பைக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. சிறுமியின் எடை அந்த ஆண்டில் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் கூடவும் இல்லை, உயரம் நான்கு சென்டிமீட்டர் கூடியது. வளரும் பிள்ளைக்கு அது நல்ல செய்தி.

கடைசியாக நான் நடத்திய வகுப்புக்குப் பாட்டி தனியாக வந்தார். பேத்திக்கு அன்று கால்பந்துப் பயிற்சி. "எனக்கும் இருபது வருடமாகச் சர்க்கரை நோய், எனக்கான வகுப்புக் காகிதம் எங்கே?" என்று கேட்டுவிட்டு, முன்வரிசை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.