பச்சைச் சீருடை வரிசைகள்

மியான்மர் நாடாளுமன்றத்தின் பழைய படம் ஒன்று இன்று கண்ணில் பட்டது.

ஒரு பகுதி முழுக்கப் பச்சைச் சீருடை.

யாரும் வாக்களித்து அனுப்பியவர்கள் இல்லை. ராணுவத் தலைமைத் தளபதி நியமித்தவர்கள். கீழவையின் 440 இடங்களில் 110 அவர்களுக்கு. அரசியலமைப்பின் முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் ஆதரவு வேண்டும். ராணுவம் தலையசைக்காமல் ஒரு வரியும் நகராது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம், மூன்று அமைச்சர்களும் தளபதியின் ஆட்கள்தான்.

ஆனால் ராணுவத்தை மட்டும் குற்றம் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

2017இல் ராணுவத் தாக்குதலுக்கு அஞ்சி 7 லட்சம் ரோஹிங்கியாக்கள், அங்குள்ள முஸ்லிம் சிறுபான்மையினர், வங்கதேசத்துக்குத் தப்பி ஓடியபோது ஆட்சியில் இருந்தது ஆங் சான் சூச்சியின் கட்சி. 2019இல் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் இனப்படுகொலைப் புகாரை அவரே நின்று மறுத்தார். எத்தனை பேர் நம்பியிருந்த முகம் அது! இன்னும் வலிக்கிறது.

2021 பிப்ரவரி 1, அதே ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்து அவரையும் சிறைப்பிடித்தது.

பிறகுதான் நகரத்துப் பர்மிய இன இளைஞர்கள் பலர் கரேன், கச்சின் சிறுபான்மை இனங்களின் பகுதிகளுக்குத் தப்பிப் போனார்கள். ராணுவத்தைப் பற்றி அந்த மக்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அங்கே கண்ணால் பார்த்தார்கள்.

1947இல், விடுதலைக்கு முன், பாங்லாங் என்ற ஊரில் ஷான், கச்சின், சின் இனத் தலைவர்களுக்குச் சூச்சியின் தந்தை ஆங் சான் ஒப்புக்கொண்டது உள்நிர்வாகத்தில் முழுத் தன்னாட்சி. ராணுவம் நாளைக்கே முகாமுக்குத் திரும்பினாலும், வாக்குப்பெட்டியில் வெல்லும் பர்மியப் பெரும்பான்மை அதைக் கொடுக்குமா?