சாந்த் குருவாவுக்கு நடந்த இரவு

செப்டம்பர் 8 இரவு மொரீஷியஸில் யாரிடமும் வழி கேட்க வேண்டாம். கூட்டம் போகிற பக்கம் நடந்தால் போர்ட் லூயிஸில் சாந்த் குருவா கோவில் வந்துவிடும். இந்தத் தீவின் அடிமைகளுக்காக உழைத்த பிரெஞ்சுக் குரு லவல் அடிகளாரின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. தையல் வேலைக்கு ஊரிலிருந்து வந்த நாங்கள் ஐந்து பேர், ரோஸ் ஹில்லில் செபமாலையோடு கிளம்பினோம்.

வழியில் ஓர் அம்மா சேர்ந்துகொண்டார். இந்தத் தீவிலேயே பிறந்த தமிழர். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர், ஆனாலும் இந்த நடையை ஒரு வருடமும் விட்டதில்லையாம். "உன் பேர் என்ன தம்பி?" என்று கேட்டார். அப்புறம் வழிநெடுக அந்தப் பேரைச் சொல்லியே கூப்பிட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஃபேக்டரியில் மூன்று வருடமாக நான் 417. "417, எத்தனை பீஸ்?" அவ்வளவுதான்.

அவருடைய முன்னோரும் நம்பரோடு வந்தவர்கள்தான். 1834 முதல் கரும்புத் தோட்டத்துக்கு வந்த கூலிகளுக்கு ஆளுக்கொரு எண். அவர்களுக்கு முன்னால் உழைத்த அடிமைகளோ முதலாளியின் சொத்துக் கணக்கில் இருந்தார்கள். 1835இல் விடுதலை கிடைத்தும் அவர்களை மதிக்க ஆளில்லை. மருத்துவராக இருந்து குருவான லவல் 1841இல் வந்து, அவர்களுடைய கிரியோலைக் கற்று, அந்த மொழியிலேயே ஞானோபதேசம் சொன்னார். 1864 செப்டம்பர் 9இல் இறக்கும்வரை அவர்களோடுதான் இருந்தார்.

கல்லறையில் கை வைத்தேன். கடன், தங்கச்சி கல்யாணம் என்று பெரிய வேண்டுதல் பட்டியலோடு வந்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் கரைதான் நினைவுக்கு வந்தது, வானத்திலிருந்து வந்த குரலும். "என் அன்பார்ந்த மகன் நீயே." அந்தக் குரல் கேட்டபோது மாற்கு நற்செய்தியில் இயேசு இன்னும் ஒரு புதுமையும் செய்யவில்லை. யாரையும் குணமாக்கவில்லை, அப்பம் பலுகவில்லை. மகன் என்பது முதலில், வேலை அதற்குப் பிறகு. நானும் ஞானஸ்நானம் பெற்றவன்தானே? இத்தனை நவநாள், இத்தனை செபமாலை என்று கடவுளுக்கும் பீஸ் கணக்கு காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் கேட்டதே இல்லை.

ரொம்ப நேரம் அழுதேன்.

திரும்பிப் பார்த்தால், அந்த அம்மா காற்றுக்குக் கை மறைத்து மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். தமிழும் கிரியோலும் கலந்த முணுமுணுப்பு. நடுவில் என் பேர் மட்டும் தெளிவாகக் கேட்டது.