விடுமுறைச் சமையல் வகுப்பு: என் நாட்குறிப்பு

மே 5

பன்னிரண்டு பிள்ளைகள். முதல் நாள் மெக்சிகோ. வேண்டுமென்றே இரண்டு கிண்ணங்களில் இரண்டு வகை மாவு வைத்திருந்தேன். ஒன்று சாதாரண மக்காச்சோள மாவு. மற்றது, அதே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்து உலர்த்திய மாவு. இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசையச் சொன்னேன். முதலாவது தட்டத் தட்ட ஓரமெல்லாம் விண்டுபோனது. இரண்டாவது உருண்டையாகத் திரண்டு, மெல்லிசாக விரிந்து, டோர்டியா என்ற ரொட்டியாகக் கல்லில் உப்பியது. "சுண்ணாம்பா? சாப்பிடலாமா?" என்று ஒரே கூச்சல்.

அப்புறம் கதை சொன்னேன். 1492-க்குப் பிறகு மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. சுண்ணாம்பில் வேகவைக்கும் பக்குவம் கூடவே போகவில்லை. அந்தப் பக்குவம் இல்லாவிட்டால் சோளத்திலிருக்கும் நியாசின் சத்து உடலில் சரியாகச் சேராது. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா என்ற நோய் பிடித்தது.

"எப்படிச் செய்யணும்னு கேட்டுட்டுப் போயிருக்கலாமே!" என்றாள் ஒரு சிறுமி. அதைத்தான் இந்த வகுப்பில் செய்யப்போகிறோம் என்றேன்.

மே 7

கொரியா, கிம்ச்சி: உப்பும் காரமும் சேர்த்துப் புளிக்கவைக்கும் கோஸ் ஊறுகாய். பெற்றோர் எழுதித் தந்த ஒவ்வாமைப் பட்டியலில் மீனும் இறாலும் இருந்ததால் மீன் சாற்றை விட்டுவிட்டோம். கொரியாவின் பௌத்த மடங்களிலும் அது இல்லாமல்தான் செய்கிறார்கள், அதனால் எனக்கு உறுத்தலில்லை.

உப்புத் தடவுவதற்கு முன் கோஸ் தண்டை மடித்தால் படக்கென்று ஒடிந்தது. இரண்டு மணி நேரம் கழித்து அதே தண்டு துணி மாதிரி வளைந்தது. பாத்திரத்தின் அடியில் நீர் தேங்கியிருந்தது. "நாங்க தண்ணியே ஊத்தலையே!" உப்பு இழுத்த நீர் அது என்று புரிந்ததும் ஆளுக்கொரு தண்டை எடுத்து வளைத்துப் பார்த்தார்கள், அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

குளிர்காலத்துக்கு முன் ஊர் கூடிக் கிம்ச்சி போட்டுப் பகிரும் வழக்கத்துக்குக் கிம்ஜாங் என்று பெயர். 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

மே 9

வகுப்பில்லை. ஜாடிக்குள் குமிழ் வருகிறது. மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வந்தேன்.

மே 12

எத்தியோப்பியா. டெஃப் தானியம் கடுகைவிடச் சிறியது. அதன் மாவை மூன்று நாள் முன்பே கரைத்துப் புளிக்க வைத்திருந்தேன். மூடியைத் திறந்ததும் பாதிப் பேர் மூக்கைப் பொத்தினார்கள்.

எங்கள் வகுப்பில் "சீ" என்று சொல்லக் கூடாது. சாப்பிடச் சொல்லி நாங்களும் வற்புறுத்த மாட்டோம். என்ன வாசனை என்று மட்டும் சொல்ல வேண்டும். இதுவரை எதையுமே வாயில் வைக்காத பையன் நெடுநேரம் முகர்ந்துவிட்டு, "மழை பெஞ்ச மண்ணு, கூடக் கொஞ்சம் எலுமிச்சை" என்றான்.

அந்த மாவில் தோசை மாதிரி வார்க்கும் இன்ஜெராவைத் திருப்பிப் போடுவதில்லை. மேலே ஒவ்வொரு கண்ணாகத் திறப்பதை அவன்தான் எண்ணினான், நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டான். நட்புக்கு அடையாளமாக ஒருவர் வாயில் இன்னொருவர் கவளம் ஊட்டுவதை அங்கே குர்ஷா என்பார்கள் என்று சொன்னேன். இன்ஜெராத் துண்டில் பருப்புக் குழம்பைச் சுருட்டிப் பக்கத்திலிருந்தவனுக்கு ஊட்டினான். அவன் பதிலுக்கு ஒன்று நீட்ட, கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தான்.